வேலிக்கு அப்பால் ஒரு மாமரம்

யோகா மச்சாள் மெல்பேர்னில் மாமரம் கண்டுபிடித்த பெருமையைப் போன வாரம் பார்த்தோம். தம்பி சுஜீதனின் முதல் குழந்தைக்குத் துடக்கு, அதாவது பிறந்த தீட்டு, கழிக்கவென்று சிட்னி பிளாக்டவுனிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியவர், நிறைகுடத்துக்கு மாவிலை இல்லையே என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டுக் களைத்துப்போனார். கடைசியில் வியாழக்கிழமை மத்தியானம், தம்பியின் கிரான்பர்ன் வீட்டுப் பின்வேலிக்கு மேலாகக் கண்ணை விட்டவருக்கு அது தெரிந்தது. ஆளில்லாத பக்கத்து வளவிலிருந்து ஒரு கிளை வேலி தாண்டி இந்தப் பக்கம் சரிந்திருந்தது. நீளநீளமாய்ப் பளபளக்கும் பச்சை இலைகள். நுனியில் இரண்டொன்று சிவந்தும் இருந்தன.

"பார் ராகவி, தளிர்கூட விட்டிருக்கு!" என்று யோகா கைதட்டியதும், சுஜீதனின் மனைவி ராகவி கதிரை போட்டு ஏறிப் பறித்ததும், இரண்டு பேரும் பின்கதவடியில் இருந்து தோரணம் கோத்ததும் யாருக்கும் மறந்திருக்காது. தோரணம் இப்போது வாசலில் தொங்குகிறது. இன்று சனிக்கிழமை, குழந்தைக்கு முப்பத்தோராம் நாள். இன்றைக்குத்தான் ஐயர் வந்து துடக்குக் கழித்து, பிள்ளைக்குப் பெயர் வைக்கப்போகிறார்கள்.

ராகவிக்கு விழிப்பு வந்ததே கையைச் சொறிந்துகொண்டுதான்.

நேற்றுப் பின்னேரம் மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. நுளம்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போது விளக்கைப் போட்டுப் பார்த்தால் முழங்கைவரை கோடு கோடாய்த் தடித்து, அதன்மேல் சின்னச் சின்னக் கொப்புளங்கள். கழுத்திலும் அதே. இடது கண் பாதிதான் திறந்தது. சொறிந்தால் ஒரு கணம் சுகமாக இருந்தது, அடுத்த கணம் நெருப்பாய் எரிந்தது. சொறியாமல் இருக்கலாம் என்றால் அது அவளால் ஆகிற காரியமாக இல்லை.

பக்கத்துத் தொட்டிலில் குழந்தை வாயைப் பிளந்து பாலுக்குத் தேடத் தொடங்கியது. ராகவி குனிந்து தூக்கப் போன அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கோப்பியோடு யோகா.

"என்னடி பிள்ளை முகமெல்லாம்?"

"தெரியேல்லை மச்சாள். சரியாக் கடிக்குது, சொறிஞ்சு முடியேல்லை."

யோகா கிட்ட வந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் கோப்பி சாசரில் சிந்தியது.

"ஐயோ, அம்மாள் வந்திருக்கிறா! கொப்பளிப்பான்! தொடாதை, பிள்ளையைத் தொடாதை!"

அந்தப் பதற்றத்திலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். யோகா நேராகக் குழந்தையிடம் பாயவில்லை. குளியலறைக்கு ஓடி, முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் தூக்கினார். வந்த நாளிலிருந்து இதே சட்டம்தான். தபால்காரர் குழந்தையை எட்டிப் பார்த்தாலும் கை கழுவச் சொல்லியிருப்பார்.

"மச்சாள், எனக்கு எட்டு வயசிலையே கொப்பளிப்பான் வந்து போட்டுது."

"சிலபேருக்கு ரெண்டாந்தரமும் வரும். பச்சைக் குழந்தைக்குத் தொத்தினால் என்ன நடக்கும் எண்டு தெரியுமே உனக்கு?"

கதவு சாத்தப்பட்டது. வெளியே குழந்தையின் அழுகை நடையைத் தாண்டிக் குசினிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ராகவி கதவுக்குப் பின்னால் நின்றாள். கேட்கக் கேட்க நெஞ்சு கனத்து, பால் சுரந்து சட்டை நனைந்தது. பிள்ளை அழுதால் உடம்பு தானாகப் பதில் சொல்கிறது, அதற்குக் கொப்பளிப்பானும் தெரியாது மச்சாளும் தெரியாது. அவளுக்கு யோகாமேல் கோபமும் வந்தது, யோகா சொல்வது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் வந்தது. பயம்தான் பெரிதாக இருந்தது.

சுஜீதன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினான். டண்டினோங் பக்கம் ஒரு கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். டன் கணக்கில் பெட்டி தூக்குகிற ஆள், அக்காவின் குரல் ஒரு படி ஏறினால் ஆடிப்போவான். அதற்குக் காரணம் இருக்கிறது. படகில் வந்து இறங்கி, விசா என்ன ஆகுமோ என்று அவன் வருடக்கணக்காய்த் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வாரம்கூடத் தவறாமல் சிட்னியிலிருந்து போன் எடுத்துத் தைரியம் சொன்னது யோகாதான். நிரந்தர விசா வந்து, இங்கே படிக்க வந்த ராகவியை அவன் கலியாணம் கட்டியபோது எல்லோரையும்விடச் சத்தமாக அழுததும் யோகாதான்.

"அக்கா ஐயருக்குப் போன் எடுத்து வர வேண்டாம் எண்டு சொல்லப் போறாவாம்" என்றான் சுஜீதன்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"சுஜி, இண்டைக்கு என்ரை பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள். எனக்கு அம்மாள் எண்டால் நான் இந்த அறைக்குள்ளையே கிடக்கிறன். ஆனால் அம்மாள்தான் எண்டு ஆர் சொன்னது? ஒருத்தருக்குக் காட்டிப்போட்டுச் சொல்லட்டும்."

போனில் தேடிப் பார்த்தால் கிளினிக்கில் பின்னேரம்தான் இடம் இருந்தது. மருந்துக்கடை காலையிலேயே திறந்துவிடும். சுஜீதன் திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தான். அங்கே யோகா ஒரு கையில் குழந்தையும் மறுகையில் பால்போத்தலுமாக, பிளாக்டவுன் கடையில் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த வேப்பிலைக் கட்டை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

"வாரும்" என்றான் சுஜீதன் ராகவியிடம். "பின்பக்கத்தாலை போட்டு வருவம்."

கலியாணமாகி இத்தனை காலத்தில் அக்காவைக் கேட்காமல் அவன் எடுத்த முதல் முடிவு அது. ராகவிக்கு அந்த அரிப்பிலும் சந்தோஷமாக இருந்தது. பின்கதவு கொளுக்கியில் தொங்கிய சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, திருடியைப் போலத் தன் வீட்டிலிருந்தே நழுவினாள்.

மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டோடு நின்ற பெண்ணின் பெயர்ப்பட்டியில் ஹரிப்பிரியா என்று இருந்தது. சுஜீதன் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் தடுமாறுவதற்குள் அவளே தமிழுக்கு வந்துவிட்டாள்.

"நீங்க தமிழா? சொல்லுங்க, என்ன ஆச்சு?"

ஒதுக்குப்புறமான சின்ன அறையில் உட்கார வைத்து, கையுறை போட்டுக்கொண்டு ராகவியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்ச்சல் இருக்கா, முதுகில் இருக்கா, வயிற்றில் இருக்கா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில்.

"சிக்கன் பாக்ஸ்னா பெரும்பாலும் உடம்புலதான் ஆரம்பிக்கும். இப்படிக் கோடு போட்ட மாதிரி வராது. ஏதாவது செடி கிடி தொட்டீங்களா?"

"இல்லை. வீட்டை விட்டே நான் வெளிக்கிடேல்லை. துடக்கு வீடு."

"இது என்ன கறை?"

ஸ்வெட்டரின் கைநுனியில் கறுப்பாய்ப் பொட்டுப் பொட்டாகத் தார் தெறித்தாற்போல் இருந்தது. ராகவி அதை இப்போதுதான் கவனித்தாள். வியாழக்கிழமை இலை பறிக்கும்போது இதைத்தான் போட்டிருந்தாள். அன்றைக்குக் காம்பிலிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் பால் வந்தது. மாமரம்தானே, பால் வரத்தானே செய்யும் என்று நினைத்தாள்.

"மாவிலை பறிச்சனான். அந்தப் பால்."

"மாவிலையா?" ஹரிப்பிரியா சிரித்துவிட்டாள். "எங்கேருந்துங்க? இந்தக் குளிர்ல மாமரம்?"

"வேலிக்கு அங்காலை ஒரு மரம் நிக்குது. மச்சாள்தான் கண்டவா."

சுஜீதன் போனை எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவைத் திறந்தான். கிளையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடி யோகா எடுத்த செல்ஃபி அங்கே இருந்தது. கீழே பத்துப் பன்னிரண்டு கைகூப்பல்கள். ஹரிப்பிரியா படத்தைப் பெரிதாக்கினாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இங்க பாருங்க. ஒரே ஈர்க்குல ஜோடி ஜோடியா இலை. மாமரத்துல இப்படியா இருக்கும்? இந்தச் சிவப்பு தளிர் இல்லைங்க, இலையுதிர் காலம் வருதுல்ல, அதுக்கு இப்பவே சிவக்குது." கணினியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பினாள். அதே இலை, அதே மினுக்கம். "ரஸ் மரம்னு சொல்வாங்க. பழைய தோட்டங்கள்ல அழகுக்கு வளர்த்தது. இதோட பால் பட்டா நிறையப் பேருக்குத் தோல் வெந்துடும், சிலருக்கு ஒண்ணும் ஆகாது. எங்க ஊர் பண்ருட்டி. முந்திரிக்கொட்டை உடைக்கறவங்க கையைப் பார்த்திருக்கேன், கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். எல்லாம் ஒரே குடும்பம், முந்திரி, மாமரம், இது. உங்களுக்கு மாம்பால் ஒத்துக்குமா?"

ராகவிக்குச் சின்ன வயது நினைவு வந்தது. மாங்காயைக் காம்போடு கடித்துவிட்டு வாயெல்லாம் பொக்களித்து, பள்ளிக்கூடம் போகமுடியாமல் கிடந்த நாட்கள். ஒரு வருடமா, ஒவ்வொரு வருடமும்தான்.

"ஒத்துக்கொள்ளாது" என்றாள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இது பிள்ளைக்குத் தொத்துமோ?"

"தொத்தாது."

"பால் குடுக்கலாமோ?"

"தாராளமா. கொப்புளத்துத் தண்ணி பட்டாக்கூடத் தொத்தாது. அந்த மரத்தோட பால் உங்க கையிலோ துணியிலோ ஒட்டியிருந்து அது குழந்தை மேல படக் கூடாது, அவ்வளவுதான். சோப்பு போட்டு நல்லாக் குளிங்க, நகத்துக்கு அடியிலயும் தேய்ங்க. இந்த ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில கட்டுங்க. கிரீம் தர்றேன், மார்புப் பக்கம் போடாதீங்க. பால் கொடுக்கறவங்க சாப்பிடலாம்னு இருக்கற மாத்திரை ஒண்ணும் தர்றேன். கண்ணு வீங்கியிருக்கறதால டாக்டரை இன்னைக்கே பார்க்கணும்."

ராகவி அழுதாள். நேரம் இடம் பார்க்காமல், சுஜீதனின் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். தொத்தாது! அந்த ஒரு சொல்லுக்காகக் கடை முழுவதையும் வாங்கிக்கொண்டு போகலாம் போல அவளுக்கு இருந்தது.

ஹரிப்பிரியா மருந்தைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பறிச்ச இலை எல்லாம் இப்போ எங்க?"

சுஜீதனும் ராகவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வாசலில் தோரணம். நிறைகுடத்தில் ஒரு கொத்து. அதுமட்டுமா? துடக்குக் கழிக்கும்போது ஐயர் தீர்த்தத்தை எதனால் தெளிப்பார்? மாவிலையால்! முதலில் வீட்டுக்கு, பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும். பிள்ளையின் தலையில், முகத்தில்.

"கெதியா வாங்கோ" என்றாள் ராகவி.

"எரிச்சுடாதீங்க!" ஹரிப்பிரியா பின்னாலிருந்து கத்தினாள். "அந்தப் புகைகூட ஆகாது!"

காரில் ஏறியதும் ராகவி யோகாவுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதே.

"அக்கா போனை எங்கையாவது சார்ஜிலை போட்டிருப்பா" என்றான் சுஜீதன். "அக்கா மறிக்காட்டிலும் ஐயர் பத்தரைக்குத்தானே வருவார். நேரம் கிடக்கு."

ஐயர்மாருக்கு மெல்பேர்னில் சனிக்கிழமை என்றால் எப்படிப்பட்ட நாள் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று வீடு, இரண்டு கலியாண ஹோல், ஒரு புதுக்கார்ப் பூசை. அன்றைக்குக் காலையில் அந்தப் புதுக்கார் வரவில்லை. அதனால் ஐயர் நேரத்தோடு வந்துவிட்டார்.

வீட்டு வாசலில் அவருடைய வெள்ளைக் காரைக் கண்டதும் சுஜீதன் தெருவோரத்திலேயே பிரேக்கை மிதித்தான். உள்ளே ஸ்பீக்கரில் நாதஸ்வரம் அலறிக்கொண்டிருந்தது. யோகாவின் காதில் போன் விழாத காரணம் அதுதான்.

ஸ்வெட்டரை மருந்துக்கடையிலேயே கழற்றிப் பையில் கட்டியிருந்த ராகவி, குளிரில் நடுங்கிக்கொண்டு காரிலிருந்து குதித்தாள். தோரணத்துக்குக் கீழே குனிந்து, தலையில் படாமல் உள்ளே ஓடினாள்.

ஹோலின் நடுவில் நெல் பரப்பிய தலைவாழையிலையில் நிறைகுடம். அதன் வாயில் அந்தப் பளபளக்கும் இலைகள், நடுவில் தேங்காய். கதிரையில் யோகா, பட்டுச்சீலையும் மடியில் குழந்தையுமாக. வர வேண்டாம் என்று போன் எடுக்குமுன்பே ஐயர் வந்து நின்றுவிட்டதால், தாய்க்குத் தடிமன் காய்ச்சல், அறைக்குள் படுத்திருக்கிறாள் என்று ஐயரிடம் ஒரு பொய்யையும் சொல்லி முடித்திருந்தார். ஐயர் வீடு முழுக்கத் தெளித்துவிட்டு வந்து, இலைக்கொத்தைத் திரும்பவும் செம்புக்குள் தோய்த்து எடுத்து, குழந்தையின் பக்கமாகக் கையை நீட்டினார்.

"ஐயா, நிப்பாட்டுங்கோ!"

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்று ராகவிக்கே நம்பமுடியவில்லை. ஐயரின் கை அப்படியே நின்றது. இலை நுனியிலிருந்து ஒரு சொட்டு யோகாவின் சீலையில் விழுந்தது. சுஜீதன் பாய்ந்துபோய் நாதஸ்வரத்தை நிறுத்தினான்.

"என்ன விசர் வேலை இது!" யோகா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினார். "அம்மாளோடை சாமிக்கு முன்னாலை வந்து நிக்கிறாய்!"

"தடிமன் எண்டீங்கள்?" என்றார் ஐயர்.

"அம்மாளும் இல்லை தடிமனும் இல்லை ஐயா. அந்த இலை. அது மாவிலை இல்லை. விஷ இலை. தயவுசெய்து கீழை வையுங்கோ."

மூச்சு வாங்க வாங்க ராகவி சொன்னாள், விட்ட இடத்தைச் சுஜீதன் நிரப்பினான். யோகா நம்பவில்லை. மாவிலையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்றார். நான் பிறந்து வளர்ந்தது மாமரத்துக்குக் கீழே என்றார். ஐயர்தான் இலையைத் தூரப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"நானும் தெளிக்கேக்கை யோசிச்சனான்" என்றார். "மாவிலை கிள்ளினால் ஒரு மணம் வருமெல்லோ. இதிலை ஒண்டுமில்லை. சரி, அவுஸ்திரேலிய மாவிலை, இப்பிடித்தானாக்கும் எண்டு விட்டிட்டன்."

யோகா திரும்பக் கதிரையில் அமர்ந்தார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"ஐயோ கடவுளே" என்றார் மெதுவாக. "காலமை கும்பம் வைச்சது நான். இந்தக் கையாலை."

குழந்தையைச் சுஜீதன் வாங்கிக்கொண்டுபோய் விளக்கடியில் வைத்து உடுப்பைக் கழற்றினான். மூன்று தலைகள் அதன்மேல் குனிந்தன. நெற்றி, கழுத்து, கைமடிப்பு, துடைமடிப்பு. சிவப்பு எங்கேயும் இல்லை. உரித்த கோழிக்குஞ்சு மாதிரிக் கிடந்து, பசியில் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது.

"உன்னைத் தொடாதை எண்டு கத்திப்போட்டு, விஷத்தைத் தொட்ட கையோடை நானெல்லோ திரிஞ்சனான்" என்று யோகா அழத் தொடங்கினார். அவர் அழுது ராகவி பார்த்ததே தன் கலியாண வீட்டில்தான்.

"மச்சாள், பிள்ளையைத் தூக்க முதல் ஒவ்வொருதரமும் நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்தனான்? கை கழுவினனான்."

"முழங்கைவரைக்கும் சவர்க்காரம் போட்டு. அதுதான் பிள்ளையைக் காப்பாத்தினது."

யோகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு இதை யோசித்தார். பாராட்டு என்று உறுதியானதும் அழுகையை நிறுத்தினார். "அப்ப எல்லாரும் இப்பவே போய்க் கழுவுங்கோ. ஐயா, நீங்களும்தான்!"

பிறகு நடந்தது எல்லாம் ஒரே ஓட்டம். சுஜீதன் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு தோரணத்தைக் கழற்றினான், கும்பத்து இலையை எடுத்தான், தண்ணீரை மாற்றினான், செம்பைத் தேய்த்தான், தரையைத் துடைத்தான். எல்லாவற்றையும் பின்வளவில் போட்டுக் கொளுத்தடா என்று யோகா நெருப்புப்பெட்டியோடு வந்தபோது, புகையும் ஆகாதாம் என்று அதையும் பிடுங்கி வைத்தான். அக்காவுக்கு அவன் உத்தரவு போடுகிற நாளாக அது அமைந்துவிட்டது. குழந்தைக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு குளிப்பு. ராகவிக்குத் தலையிலிருந்து கால்வரை சவர்க்காரக் குளிப்பு. நகத்தடி எல்லாம் தேய்த்து, துவைத்த பருத்திச் சீலையைச் சுற்றிக்கொண்டு, கிரீம் பூசிய கைகளில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"இப்ப கும்பத்துக்கு இலை?" என்றான் சுஜீதன்.

ஐயர் பையிலிருந்து தர்ப்பையை எடுத்தார். "தெளிக்க இது போதும். கும்பத்துக்கு வேறை ஏதும் பச்சை கிடக்கோ?"

யோகா ஒரு கணம் தயங்கினார். பிறகு குசினிக்குள் போய், ஐஸ் பெட்டியிலிருந்து வந்த வேப்பிலைக் கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சிட்னியிலிருந்து வந்து, காலையில் இல்லாத அம்மாளுக்காகத் தேடப்பட்ட வேப்பிலை.

"வடிவு. அம்பாளின்ரை இலைதானே" என்றார் ஐயர். "பொம்பிளைப்பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்."

அதற்குமுன் ஒரு வேலை இருந்தது. ராகவி கதிரையில் அமர்ந்து கைகளை நீட்டினாள். யோகா குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து, தன் சீலைத் தலைப்பால் மறைப்புக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஐயரும் காத்திருந்தார், அடுத்த வீட்டை மறந்துபோனவர் போல. பிள்ளை ஆவேசமாகப் பாலைக் குடித்தது. ராகவிக்குக் கை கடித்தது, கழுத்துக் கடித்தது, இமை துடித்தது. அவள் சொறியவில்லை. காலையிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அழுகை இப்போது தன் மடியில் அடங்கிக் கிடக்கிறது என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

தீர்த்தம் தெளித்தார்கள். சுஜீதன் குனிந்து, பிள்ளையின் காதில் மூன்றுதரம் சொன்னான். ஆரபி, ஆரபி, ஆரபி. ஆரபி ஏப்பம் விட்டாள்.

ஐயர் போனபின் எல்லோருக்கும் சோறு இறங்கியது. சுஜீதன் கறுப்புக் குப்பைப்பையை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, இவ்வளவுதானே? வியாழக்கிழமை ரெண்டு கூடை பறிச்ச மாதிரிக் கிடந்தது."

யோகாவின் கையிலிருந்த வடை பாதி வழியில் நின்றது.

"மிச்சத்தைச் சிவசோதி கொண்டு போட்டாள்."

"எந்தச் சிவசோதி?"

"கேரம் டவுன்ஸ் சிவசோதி. நேற்று நீ வேலைக்குப் போன நேரம் வந்தவள். கலியாண வீட்டுக்காரி எண்டு துடக்கு வீட்டுக்குள்ளை வராமல் காருக்குள்ளையே இருந்தாள். வேலிக்கு அங்காலை நிக்கிற மரம், துடக்கில்லை எண்டு நான்தான் வற்புறுத்திப் பை நிறையக் குடுத்துவிட்டனான். நாளைக்கு அவளின்ரை மகள் சந்திரவதனாவுக்குக் கலியாணம். மணவறைக்கு மாவிலை கிடைக்கேல்லை எண்டு அழுதவள்."

ராகவி எட்டிச் சார்ஜிலிருந்த யோகாவின் போனை எடுத்தாள். தன்னுடைய தவறிய அழைப்புகளுக்கு மேலே புதிதாக ஒரு படம் வந்திருந்தது. சிவசோதி அன்ரி அனுப்பியது. 'யோகா அக்கா, நீங்கள் தந்த மாவிலையாலை வீடே களைகட்டிட்டுது. கலியாணப் பொம்பிளையே இருந்து கோக்கிறா!'

படத்தில் மருதாணிக் கைகளோடு சந்திரவதனா தரையில் இருந்தாள். சுற்றிலும் இலைகள் பச்சையாய்ப் பரவிக் கிடந்தன. ஒரு கையில் ஊசி, மறுகையில் நூல். அடுத்ததாகக் கோக்கவேண்டிய இலையைக் காம்போடு பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்த்துச் சிரித்தாள்.

ராகவி அழைத்தாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. கலியாண வீடு, அங்கும் நாதஸ்வரம் போட்டிருப்பார்கள்.

"நான் போறன்" என்று எழும்பினாள்.

"இந்த முகத்தோடையோ?" என்றான் சுஜீதன்.

"இந்த முகத்தோடைதான் போக வேணும். வாயாலை சொன்னால் ஆர் நம்பப்போகினம்? பாத்தால் நம்புவினம்."

யோகா வடையைத் தட்டில் வைத்தார். குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முழங்கைவரை துடைத்துக்கொண்டு வந்து, நித்திரையாய்க் கிடந்த ஆரபியைத் தூக்கி, காலையில் எந்த மனுசியைத் தொடக்கூடாது என்று கத்தினாரோ அந்த மனுசியின் கைகளில் தானே வைத்தார்.

"பிள்ளையை நீ வைச்சிரு. தாயோடை இருக்கட்டும். இலையைக் குடுத்தது நான், நானே போய்ப் பிடுங்கிறன்" என்றார், காலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "சுஜி, அந்த ரப்பர் கையுறை எங்கை? காரை எடு!"